வேனுக்குள் ஒரு வீடியோ கோச்

கிளிப் வரமாட்டேன் என்றது. நகத்தை விட்டு நெம்பினாலும் வரவில்லை, ஸ்க்ரூ டிரைவர் முனையில் பழைய துணியைச் சுற்றி நெம்பினாலும் வரவில்லை. வேனின் கூரைத் துணியைக் கவ்விக்கொண்டிருந்த அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் சனியன் அவளைவிடப் பிடிவாதமாக இருந்தது. அவளைவிடப் பிடிவாதம் பிடித்த ஜென்மம் சிங்காநல்லூரிலேயே கிடையாது என்று அவள் புருஷன் சென்னியப்பன் சொல்வார், அவர் இன்னும் இந்தக் கிளிப்பைப் பார்க்கவில்லை. கோகிலவாணி நடு சீட்டில் மல்லாந்து கிடந்தாள், கால் இரண்டும் திறந்த கதவு வழியே வெளியே நீட்டிக்கொண்டிருந்தன, வைகாசி மாதத்து இரண்டரை மணி வெயில் முழங்காலுக்குக் கீழே மட்டும் காய்ச்சியது, மேலே வேனுக்குள் அடுப்படி வெக்கை, கழுத்துக்குப் பின்னால் வியர்வை ஓடி சீட்டு உறை ஒட்டிக்கொண்டது. கார் சாமான் கடைக்காரன் செய்து தருகிறேன் என்றான்தான், ஆனால் நாளை சாயங்காலம் என்றான். நாளை காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டிய வண்டிக்கு நாளை சாயங்காலம் வீடியோத் திரை மாட்டி எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது? அது மட்டும்தான் காரணமா என்று மனசு கேட்டது, அது மட்டும் இல்லை, பதினெட்டு வருஷமாக வீடுகளுக்கு வயரிங் செய்கிறவள், ஐ.டி.ஐ.யில் வகுப்பில் ஒரே பெண்ணாக உட்கார்ந்து படித்தவள், மூன்று மாடிக் கல்யாண மண்டபத்துக்குத் தனியாக மெயின் போர்டு கட்டினவள், இரண்டு வயரை இன்னொருத்தனிடம் கொடுத்து மாட்டித் தரச் சொல்வதா? சொல்லியிருக்கலாம். இப்போது தோன்றுகிறது. கிளிப் படக்கென்று விட்டது, விட்ட வேகத்தில் மூக்குக்கு நேரே வந்து விழுந்து உதட்டில் பட்டது, இவ்வளவு நேரம் கெஞ்சினேனே அப்போது வராமல் இப்போது வந்து அடிக்கிறாயா என்று அவள் அதைத் திட்டினாள், நல்ல கெட்ட வார்த்தையாகவே திட்டினாள்.

திரையோடு வந்த காகிதத்தில் படம் இருந்தது, எழுத்து இருந்தது, அர்த்தம் இல்லை. ஒரு படத்தில் ஒரு கை கூரையைத் தொடுகிறது, அடுத்த படத்தில் அதே கைக்காரனின் குடும்பம் சிரித்துக்கொண்டு படம் பார்க்கிறது, நடுவே என்ன நடந்தது என்று சொல்ல ஒருத்தனுக்கும் மனசு வரவில்லை. நடுவேதான் எல்லாம் இருக்கிறது. நடுவே கூரைத் துணியைக் கிழிக்காமல் பிரிக்க வேண்டும், உள்ளே இருக்கும் இரும்புப் பட்டையைத் தேட வேண்டும், திரையின் தாங்கியை அதில் முடுக்க வேண்டும், கரண்ட் எங்கிருந்து எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும், அதற்குள் ஐந்து மணி ஆகிவிடும். ஐந்து மணிக்குள் சொல்லிவிடு என்று தம்பி பூபதி சொல்லியிருந்தான். கரூரில் அவன் மகளுக்குக் கல்யாணம், நாளை இரவு மாப்பிள்ளை அழைப்பு, மறுநாள் காலை முகூர்த்தம். "அக்கா, நா சொல்றத கோவிச்சுக்காமக் கேளு. அப்பாவ அங்க உட்டுட்டு வா. ரெண்டே நாளைக்குத்தான். நல்ல எடம், நானே போயிப் பாத்துட்டு வந்தேன். இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு அவங்க வண்டியே வீட்டுக்கு வரும்." அங்க என்றால் வயசானவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம், பேரைச் சொல்லக்கூட அவனுக்கு வாய் வரவில்லை, அங்க, அங்க என்றே சொன்னான். ரெண்டு நாள். அந்த ரெண்டு நாளைத்தான் அவள் நம்பவில்லை. ரெண்டு நாள் நன்றாக இருந்தாரே, இன்னும் ஒரு வாரம் இருக்கட்டுமே என்பான், ஒரு வாரம் கழித்து அவளுக்கே தூக்கம் நன்றாக வர ஆரம்பித்திருக்கும், அதுதான் பயம், பூபதியைப் பற்றி இல்லை, தன்னைப் பற்றித்தான். ஒருமுறை அந்த வாசலில் விட்டுவிட்டு வந்தால் திரும்பப் போய்க் கூட்டிவர மாட்டேன் என்று அவளுக்குத் தெரிந்தது, தெரிந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அப்பா மாரப்பன் ஷெட்டின் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டையின் கடைசிப் பித்தான் வரை போட்டு, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, ஏதோ ஆபீசில் கூப்பிடுவதற்குக் காத்திருக்கிற மாதிரி. சாப்பிட்டாரா என்று கேட்டால் இல்லை என்பார், சாப்பிட்டு அரை மணி ஆகிறது. இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது வேனின் கதவு. போன மாதம் பல்லடத்திலிருந்து திரும்பும்போது வேகத்தடைக்காகச் சென்னியப்பன் வண்டியை மெதுவாக்கினார், அவ்வளவுதான், பின்னால் கதவு திறக்கும் சத்தம், திரும்பினால் அப்பாவின் ஒரு கால் வெளியே, ஒரு கை மேலே கம்பியைத் தேடுகிறது, பின்னால் வந்த லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே விலகிப் போனது, ஒரு கை அகலம், அதற்கு மேல் இல்லை. முப்பத்தொரு வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். வண்டி மெதுவானால் கதவைத் திறக்க வேண்டும், கை அதற்காகவே பிறந்த மாதிரி போய்விடுகிறது, மூளை மறந்ததைக் கை மறக்கவில்லை. உள்ளிருந்து திறக்க முடியாதபடி பூட்டிப் பார்த்தார்கள், குழந்தைகளுக்காக அந்த ஏற்பாடு வண்டியிலேயே உண்டு. பூட்டினால் பிடியை இழுப்பார், வராது, மறுபடி இழுப்பார், பிறகு கண்ணாடியை அடிக்க ஆரம்பிப்பார், "ஆளு எறங்கோணும், ஆளு எறங்கோணும்" என்று கத்திக் கத்தி விரல் கணு கிழிந்து ரத்தம் வந்து, வேட்டி நனைந்து, வீடு வந்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார். அதற்குப் பிறகு பூட்டவில்லை. பக்கத்தில் நீ உட்கார்ந்துகொள் என்றார் சென்னியப்பன், உட்கார்ந்தாள், அப்பா உடனே எழுந்து குனிந்தபடி நின்றுகொண்டார். லேடீஸ் சீட்டில் கண்டக்டர் உட்காரக் கூடாது. வீட்டுக்குள் அவள் மகள், பல நாள் அக்கா, சில நாள் பேர் வராது ஆனால் சொந்தம் என்று தெரியும். வண்டி நகர்ந்துவிட்டால் அவள் ஒரு பயணி. ஊர் பேர் தெரியாத யாரோ ஒரு அம்மா. இதற்கு அழுவதா சிரிப்பதா என்று அன்றைக்கு வீடு வந்து சேரும் வரைக்கும் அவளுக்குத் தெரியவில்லை.

கூரைக்குள் கை விட்டால் இரும்புப் பட்டை அகப்பட்டது, ஆனால் ஓட்டை இருந்த இடம் வேறு, தாங்கியின் ஓட்டை இருந்த இடம் வேறு, இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் வித்தியாசம். டிரில் போட வேண்டும், டிரில் போட்டால் தூள் கண்ணில் விழும், கண்ணுக்கு மாட்டுகிற கண்ணாடி வீட்டுக்குள் இருக்கிறது, எழுந்து போக மனசில்லை, ஒரு கண்ணை மூடிக்கொண்டு போட்டாள், தூள் திறந்திருந்த கண்ணில் விழுந்தது. திரை என்ற யோசனையே அப்பாவிடமிருந்து வந்ததுதான். எண்பத்தேழிலோ எண்பத்தெட்டிலோ அவர் வேலை பார்த்த கம்பெனி கோயமுத்தூர் மதுரை வண்டியை வீடியோ கோச் ஆக்கியது. டிரைவர் தலைக்குப் பின்னால் இரும்புக் கூண்டுக்குள் ஒரு டி.வி., கூண்டுக்குக் கீழே பூட்டு, பூட்டுச் சாவி அப்பாவின் இடுப்பில். தாராபுரத்தில் ஆள் ஏற்றி முடிந்ததும் கதவை இழுத்துச் சாத்துவார், கேசட்டைச் செருகுவார், அதற்குப் பிறகு நிறுத்தம் கிடையாது, கதவு கிடையாது, அதுதான் அந்த வண்டியின் வழக்கம். கதவுக்குப் பக்கத்து ஒற்றை சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வார். பத்து வயசில் அவள் ஒருமுறை அந்த வண்டியில் போனாள், எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள், அவள் அப்பாவைப் பார்த்தாள், அப்பா சும்மா உட்கார்ந்திருப்பதை அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தாள். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஏதோ பேச்சில் அவராகச் சொன்னார், "படம் போட்டாச்சுன்னா எனக்கென்ன வேல? கதவச் சாத்திட்டு உக்காந்துக்குவேன்." தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார், தெளிவாகச் சொன்னார். அன்றிரவே சென்னியப்பனிடம் சொன்னாள், வேனுக்குள் படம் போட்டால் அப்பா கதவைத் தொடமாட்டார். சென்னியப்பன் அவளைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது, அதனாலேயே அவள் பிடித்துக்கொண்டாள். பரிதாபப்படாமல் சண்டை போட்டிருந்தால் ஒருவேளை விட்டிருப்பாள்.

கரண்டை கேபின் லைட்டிலிருந்து எடுக்க முடிவு செய்தாள். நடுக்கூரையில், திரைக்கு ஒரு ஜாண் தள்ளி, முன்னாலிருந்து வயர் இழுக்க வேண்டாம், தூணுக்குள் விட்டு இழுத்து முழங்கையைச் சிராய்த்துக்கொள்ள வேண்டாம். மூடியைக் கழற்றினாள், பல்பைப் பிடுங்கிச் சேலைக்கு மேல் போட்டிருந்த சட்டையின் பைக்குள் போட்டாள், அது வேறு கண்ணுக்கு நேரே எரிந்து தொலைத்துக்கொண்டிருந்தது. இரண்டு வயர், ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பில் வெள்ளைக் கோடு. அவள் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு கை வைக்கிறவள் இல்லை, காலையிலேயே எல்லாக் கதவையும் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து, சிவப்புக்கும் வண்டியின் இரும்புக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்த்திருந்தாள், பன்னிரண்டு வோல்ட், கதவு சாத்தினாலும் பன்னிரண்டு, திறந்தாலும் பன்னிரண்டு. போதாதா? கரண்ட் வருகிற ஃபேஸ் எப்போதும் இருக்கிறது, சுவிட்ச் அதன் வழியில் இல்லை. இன்னொன்று கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல், நியூட்ரலைப் பற்றி யாராவது யோசிப்பார்களா? சுவிட்ச் எப்போதும் ஃபேஸில்தான் போட வேண்டும், நியூட்ரலில் சுவிட்ச் போடுகிறவனை அவள் இதுவரை கைநீட்டி அடித்ததில்லை, மற்ற எல்லாம் செய்திருக்கிறாள். போன வருஷம் ஒண்டிப்புதூரில் ஒருத்தன் அப்படிப் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு வீட்டுக்கார அம்மா முன்னாலேயே அவன் மானத்தை வாங்கினாள். சிவப்பைச் சிவப்போடு முறுக்கினாள், கறுப்பைக் கறுப்போடு முறுக்கினாள், டேப் சுற்றினாள். பென் டிரைவைச் செருகினாள். திரை நீலமாக விழித்தது, பிறகு பாட்டோடு படம் வந்தது, பழைய படம், பேர் போடும்போது ஒரு ரயில் பாலத்தின் மேல் போகும். வந்துவிட்டது. நெஞ்சுக்குள் குப்பென்று ஒரு சந்தோஷம் ஏறியது, படுத்தபடியே சத்தமாகச் சிரித்தாள். மணி நாலேகால். "அப்பா, வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். வந்தார். ஏறினார். உட்கார்ந்தார். ரயிலைப் பார்த்து வாயைத் திறந்தார். திரையின் கோணத்தை அவர் கண்ணுக்குத் தக்கபடி சாய்த்துவிட்டு, அவள் பின் சீட்டுக்குத் தாவிப் போய், "கதவச் சாத்துங்க" என்றாள். அவர் சாத்தினார். படம் நின்றது.

நின்றது என்றால் அணைந்தே போனது. லூஸ் கனெக்‌ஷன் என்று முதலில் நினைத்தாள், யாராக இருந்தாலும் அதைத்தான் நினைப்பார்கள், கதவு சாத்துகிற அதிர்வில் முறுக்கு விட்டிருக்கும். வெளிச்சம் வேண்டும் என்று கதவைத் திறக்கச் சொன்னாள், திறந்ததும் படம் வந்தது, பார்த்தாயா, ஆடுகிறது. டேப்பைப் பிரித்தாள், இன்னும் இறுக்கி முறுக்கினாள், மறுபடி சுற்றினாள். "சாத்துங்க." அணைந்தது. "தொறங்க." வந்தது. சிவப்பு வயரைப் பிடித்து ஆட்டினாள், படம் அசையவில்லை. கறுப்பை ஆட்டினாள், அசையவில்லை. "சாத்துங்க." அணைந்தது. அப்படியானால் திரைக்குள்ளேயே எங்கோ ஆடுகிறது, சரக்கே மட்டம், கடைக்காரன் தலையில் கட்டிவிட்டான். "மெதுவாச் சாத்துங்க." பூனை மாதிரி மெதுவாகச் சாத்தினார், அப்போதும் அணைந்தது. மெதுவாகச் சாத்தினாலும் அணைகிறது என்றால் காரணம் அதிர்வு இல்லையே என்று அங்கேயே தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை, ஆத்திரம் வந்தால் அவளுக்குக் காது கேட்காது என்று அம்மா சொல்வாள், புத்தியும் கேட்பதில்லை. தொறங்க, சாத்துங்க, தொறங்க, சாத்துங்க. அப்பாவுக்கு ஒரே குஷி. எத்தனையோ நாளாக அந்த மனுஷனை யாரும் ஒரு வேலையும் செய்யச் சொன்னதில்லை, தொடாதீங்க, போகாதீங்க, உக்காருங்க, இவ்வளவுதான் வீட்டில் அவருக்குப் பேச்சு. இப்போது ஒவ்வொரு முறையும் "ரைட்" என்று சொல்லிவிட்டுச் சாத்தினார், திறந்ததும் மறுபடி முதலிலிருந்து வந்த ரயிலைப் பார்த்துத் தலையாட்டினார், போகப் போக அவள் சொல்வதற்கு முன்பே அவராகவே திறந்தார், கை பிடியிலேயே இருந்தது, கண் திரையில் இருந்தது. நல்ல உதவி என்று அவள் நினைத்தாள். இருபது முறையா, முப்பது முறையா, எண்ணவில்லை. எண்ணியிருந்தால் எங்கேயாவது நிறுத்தியிருப்பாள்.

நாலே முக்காலுக்குச் சென்னியப்பன் மில்லிலிருந்து வந்தார். ஷிஃப்ட் முடிந்து, தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க, டிபன் டப்பாவோடு வேனுக்குப் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். நின்று பார்ப்பதுதான் அவளுக்குப் பிடிக்காது. பேசினால் பதில் சொல்லலாம், பார்த்தால் என்ன செய்வது? "வாணி, போதும். உட்டுரு" என்றார். "எத உடறது?" "எல்லாத்தையுந்தான். நீயும் மனுசிதான?" அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது, நல்ல மனசோடு சொன்ன வார்த்தை, அதனால்தான் தைத்தது. "நீங்க போயி மூஞ்சி கழுவுங்க. எனக்கு வேல இருக்குது" என்று அவள் சொன்னாள், குரல் தடித்துவிட்டது, அவர் உள்ளே போனார், கதவைத் தானே சாத்திக்கொண்டு இருட்டுத் திரைக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள், அப்பா பக்கத்தில் பிடியைப் பிடித்தபடி. வியர்வை கண்ணுக்குள் போய் எரிந்தது. இப்போது மணி ஐந்தாகப் போகிறது, பூபதி கூப்பிடுவான், ஆறு மணிக்கு அந்த வண்டி வரும், வெள்ளையாக இருக்கும், யாரோ இருவர் இறங்கி ஐயா வாங்க என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள், அப்பா பித்தானைச் சரிபார்த்துக்கொண்டு ஏறிவிடுவார், வண்டி என்றால் அவர் ஏறாமல் இருந்ததில்லை, கையைக்கூட ஆட்டமாட்டார், கண்டக்டர் யாருக்குக் கை ஆட்டுவது? வீட்டுக்குள் போன் அடித்தது. சென்னியப்பன் அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, முன் கதவைத் திறந்து, "பூபதி" என்று நீட்டினார். திரை எரிந்தது. நடுக் கதவு சாத்தித்தான் இருக்கிறது, அப்பாவின் கை அசையவில்லை, யாரும் எதையும் தொடவில்லை, முன் கதவு திறந்தது, படம் வந்துவிட்டது, ரயில் பாலத்தின் மேல் ஏறுகிறது. "அதச் சாத்துங்க" என்றாள். "எத?" "முன் கதவத்தான், சாத்துங்க!" சாத்தினார். அணைந்தது. அப்போதுதான் புரிந்தது. கதவு திறந்தால் எரிகிற லைட். உலகத்தில் எல்லா வண்டியிலும், சின்னக் குழந்தைக்கும் தெரியும், கதவைத் திறந்தால் எரியும், சாத்தினால் அணையும். பல்பைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுவிட்டு அவள் பாட்டுக்கு வேலை செய்திருக்கிறாள். வண்டியைச் செய்த கம்பெனிக்காரன் சுவிட்சைச் சிவப்பில் போடவில்லை, கறுப்பில் போட்டிருக்கிறான், கதவு திறந்தால்தான் கறுப்பு வண்டியின் இரும்பைத் தொடும், தொட்டால்தான் கரண்ட் ஓடும். நியூட்ரலில் சுவிட்ச். ஒண்டிப்புதூர்க்காரன் இப்போது எங்கேயாவது உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பான், அவனுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும் போல இருந்தது.

பூபதியிடம் கொஞ்சம் கழித்துக் கூப்பிடுகிறேன் என்று சொல்லச் சொன்னாள், சரி செய்ய ஐந்து நிமிஷம் ஆகவில்லை. ஐந்து நிமிஷ வேலை! மத்தியானம் முழுக்க எதற்காக உயிரை விட்டோம் என்று நினைத்தாலே பல்லைக் கடிக்கத் தோன்றியது. திரையின் கறுப்பு வயரை வெட்டினாள், கூரையின் இரும்புப் பட்டையைக் கொஞ்சம் சுரண்டினாள், பெயிண்ட் போய் வெள்ளை தெரிந்த இடத்தில் ஒரு ஸ்க்ரூவைப் போட்டு வயரை அதில் சுற்றி முடுக்கினாள். எல்லாக் கதவையும் தானே சாத்தினாள், சாத்திச் சாத்தி ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்தாள். படம் ஓடிற்று. ரயில் பாலத்தைக் கடந்து போயே போய்விட்டது, பேர்கள் முடிந்தன, ஒரு ஆற்றங்கரை வந்தது, யாரோ ஒருத்தி துணி துவைக்கிறாள், பாட்டு. சென்னியப்பன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார், அவரும் கொஞ்சம் சிரித்தார், ஷெட்டை விட்டு வண்டியை எடுத்துத் தெருவில் ஆள் நடக்கிற வேகத்துக்கு உருட்டினார், முன் சீட்டில் அவள் திரும்பி உட்கார்ந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டே வந்தாள், பெருமாள் கோயில் முனை வரை அப்பா திரையைப் பார்த்தார், அமைதியாகப் பார்த்தார், காலை நீட்டினார். ஐயோ, காலை நீட்டிவிட்டார். அவள் கை போனைத் தேடியது, பூபதிக்குச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில்தான் அப்பாவின் கை பிடிக்குப் போனது. வண்டி மெதுவாகவில்லை, நிறுத்தம் வரவில்லை, யாரும் இறங்கவில்லை. இழுத்தார், கதவு திறந்தது, தெரு ஓடுகிறது, காற்று உள்ளே வந்தது, அவர் வெளியே பார்க்கவே இல்லை, காலை வைக்கவும் இல்லை, திரையைப் பார்த்தார். படம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவளைப் பார்த்து, தன் பங்கு வேலையைச் சரியாக முடித்தவராக, "படம் வந்துருச்சு" என்றார்.

சென்னியப்பன் பிரேக்கை மிதித்தார். மத்தியானச் சோற்றை மறந்தவர், மனைவி செத்ததை மறந்து வாரத்துக்கு ஒருமுறை அவளைத் தேடுகிறவர், பெற்ற மகளின் பேரை மறந்தவர், இதை மட்டும் கற்றுக்கொண்டுவிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் புதிதாகக் கற்றுக்கொண்ட ஒரே விஷயம், கற்றுக்கொடுத்தது யார்? முப்பது முறை, தொறங்க சாத்துங்க, தொறங்க சாத்துங்க, பாடம் மாதிரி கற்றுக்கொடுத்தாளே, கதவைத் திறக்காமல் இருக்க வேண்டிய மனுஷனுக்குக் கதவைத் திறந்தால் படம் வரும் என்று. பூட்டினால் கண்ணாடியை அடிப்பார். பூட்டாவிட்டால் திறப்பார். படம் இல்லாவிட்டால் ஆள் இறங்குவதற்காகத் திறப்பார், படம் இருந்தால் படத்துக்காகத் திறப்பார். அவளுக்குள் ஏதோ அறுந்தது. "கைய எடுங்க!" என்று கத்தினாள், தெருவில் போன ஒரு அம்மா திரும்பிப் பார்த்தாள், "எடுங்க கைய! எத்தன தடவ சொல்றது? நா என்னதாஞ் செய்யட்டும்? சொல்லுங்க, நா என்னதாஞ் செய்யட்டும்?" இவ்வளவு நாளில் ஒருமுறைகூட அவரிடம் கத்தியதில்லை. கத்தி முடித்ததும் அழுகை வந்தது, அதுவும் அசிங்கமாக, மூக்கு ஒழுக. அப்பா பிடியிலிருந்து கையை எடுத்தார். அவளை உற்றுப் பார்த்தார். முகத்தில் பயம் இல்லை, கோபம் இல்லை, வேறு ஏதோ வந்தது, அவளுக்குப் பழக்கமில்லாத ஒரு முகம், பயணியிடம் பேசுகிற கண்டக்டரின் முகம். முன்னால் குனிந்து, குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்பது மாதிரி கேட்டார்.

"ஏனுங்கம்மா, உங்க ஸ்டாப்பு தாண்டிருச்சுங்களா?"

அவள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

"அழுகாதீங்கம்மா. படம் போட்டா நிறுத்த மாட்டோம், அது கம்பெனி ரூல்ஸு. ஆனா நா சொல்லி நிறுத்தறேன். கதவத் தொறந்துதான் வெச்சிருக்கறேன், பாருங்க. பாத்து எறங்கிக்கோங்க."

சென்னியப்பன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் துணி துவைக்கிறவள் பாடிக்கொண்டிருந்தாள். "அப்பா" என்றாள் கோகிலவாணி. அவர் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார், யாரைக் கூப்பிடுகிறாள் என்று தேடினார், தேடத் தேடக் கலவரமானார், கை மறுபடி பிடியைத் தடவியது. அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

"இல்லீங்க" என்றாள். "நா எறங்கல."

"எறங்கலீங்களா?"

"எறங்கலீங்க. கடைசி வரைக்கும் வர்றனுங்க."

அவர் முகம் தெளிந்தது. அவ்வளவு சீக்கிரம், அவ்வளவு சுத்தமாகத் தெளிந்தது, இத்தனை மாதமாக அவர் கேட்க நினைத்தது இதுதான் போல. "அத மொதல்லயே சொல்லியிருக்கலாமல்லங்க" என்றார், கதவை இழுத்துச் சாத்தினார். வண்டி நகர்ந்தது. அடுத்த முனையில் கை பிடிக்குப் போனது, "எறங்கறீங்களா?" என்று கேட்டார், "எறங்கலீங்க, கடைசி வரைக்குங்க" என்றாள், "அப்பச் சரிங்க", கை மடிக்குத் திரும்பியது. அதற்கடுத்த முனையிலும் கேட்டார், சொன்னாள், திரும்பியது. திரையை அவர் பார்க்கவே இல்லை. அவள் கைநீட்டி அதை அணைத்தாள், அவர் கவனிக்கக்கூட இல்லை. ஒரு மத்தியானம் முழுக்க அவள் எதோடு மல்லுக்கட்டினாளோ அது கூரையிலிருந்து கறுப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது, அதைப் பிடுங்கி எறியலாம் போல எரிச்சல் வந்தது, எரிச்சலோடேயே போனை எடுத்தாள். "பூபதி, ஆறு மணி வண்டி வேண்டாம்னு சொல்லிரு. அப்பா வர்றாரு." அவன் ஏதோ கேட்டான், ஸ்க்ரீன் வேலை செய்கிறதா என்றோ, யார் பொறுப்பு என்றோ. அவள் கேட்கவில்லை, பின்னால் கை பிடிக்குப் போய்க்கொண்டிருந்தது. நாளை கரூர் வரை மூன்று மணி நேரம், முனைக்கு முனை சொல்லிக்கொண்டு வர வேண்டும், தொண்டை வற்றினால் தண்ணீர் குடித்துக்கொள்ளலாம், அதெல்லாம் பெரிய காரியமில்லை. அப்பா என்று மட்டும் வழியில் ஒருமுறைகூட வாய் தவறிக் கூப்பிட்டுவிடக் கூடாது.